ஓடுகிற மோட்டாரை நிறுத்திப் பார்க்கிறவர்

வெள்ளம் வடிந்த தெருவுக்குள் முதலில் பாம்பு வரும். பிறகு கொசு வரும், அதன் பிறகு கணக்கெடுக்கிறவர்கள் வருவார்கள். இவையெல்லாம் ஒரு மாதத்தில் போய்விடும். கடைசியாக ஒரு ஜீவன் வரும். அது மட்டும் போகவே போகாது. அதுதான், கொடுத்ததைப் பார்க்க வருகிறவர்.

உங்களுக்கு அவரைத் தெரியும். எல்லாம் பறிகொடுத்த சின்னக் கடைக்காரர்கள் மறுபடி தலைநிமிர வேண்டும் என்று மனம் இளகி, ஒருவருக்கு இஸ்திரிப் பெட்டி, ஒருவருக்கு முடிவெட்டும் நாற்காலி, ஒருவருக்கு மோட்டார் என்று வாங்கிக் கொடுத்தவர். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அவரைப் பற்றி இங்கே எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மாவு மில்காரம்மாவுக்கு அவர் கொடுத்தது மோட்டார். பழையது மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்து செத்துப்போயிருந்தது. புருஷன் போன ஆறு வருஷமாக அவளையும் அவள் நாத்தனாரையும் காப்பாற்றி வந்தது அந்த மில் ஒன்றுதான். ஆகவே புது மோட்டார் வந்து இறங்கிய அன்று அவள் அழுதாள். நெஞ்சு வெடிக்க அழுதாள். அவள் செய்த தப்பு அதுதான். அந்த அழுகையை ஒரு தடவை பார்த்தவருக்கு, தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அதைக் காட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

அன்று முதல் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, மில்லில் கூட்டம் நெருக்கும் காலை பத்து மணியாகப் பார்த்து, நாலைந்து பேரை அழைத்துக்கொண்டு வந்து நிற்பார். சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்பார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். மோட்டாரைக் கன்றுக்குட்டியைப் போலத் தட்டிக்கொடுப்பார். உடனே, பேசுவது கேட்கவில்லை, மாவு பறக்கிறது, கொஞ்சம் நிறுத்தம்மா என்பார். ஓடுகிறதா என்று பார்க்க வந்தவருக்கு, அது ஓடாமல் இருந்தால்தான் பார்க்க முடியும்!

மாவு மில்லுக்குச் சத்தம்தான் விளம்பரப் பலகை. சத்தம் நின்றால், டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை வந்தவர்கள், இன்னும் ரிப்பேர் போலிருக்கிறது என்று அடுத்த தெரு மில்லுக்குத் திரும்பிவிடுவார்கள். இது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வீட்டுக்கு மாவு பாக்கெட்டில் வருகிறது.

மில் நின்ற பிறகு வெள்ளக் கதை. அவள் சொல்வாள், அவர் திருத்துவார். முதல் தடவை தண்ணீர் முழங்கால் அளவு என்றாள். பதற்றத்தில் மறந்துவிட்டாய், இடுப்பளவு என்றார். அடுத்த தடவை அது மார்புக்கு ஏறியது. அதற்கடுத்த தடவை கழுத்துக்கு.

"அக்கா, அடுத்த மாசம் தண்ணி கூரைக்கு மேல போயிடும். இப்பவே நீச்சல் கத்துக்குங்க" என்றார் பக்கத்துக் கடை சலூன்காரர். நாற்காலி வாங்கிக்கொண்டவர் அவர். கொடுத்தவரே வாரம் தவறாமல் வந்து அதில் சாய்ந்து, நாற்காலி எப்படி இருக்கிறது என்று பார்க்கும் சாக்கில், சும்மாவே சவரம் செய்துகொண்டு போகிறார்.

ஒருநாள் அவள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். வந்து பார்த்தவர் முகம் வாடிப்போயிற்று.

"அந்தத் தண்ணிக் கறைய விட்டு வெச்சிருக்கலாமேம்மா. இப்ப யாரு நம்புவாங்க?"

இப்படிப்பட்டவர் கண்ணில் அந்த வெள்ளிக்கிழமை பட்டிருக்கவே கூடாது. விடுதிச் சமையல்காரர் அன்று காலை நாலு மூட்டை கோதுமை அனுப்பியிருந்தார். பன்னிரண்டு மணிக்கு வண்டி வரும், மாவு தயாராக இருந்தால் இனி வாராவாரம் இங்கேதான், இல்லாவிட்டால் அடுத்த தெரு என்று சொல்லியும் அனுப்பியிருந்தார். வாராவாரம் நாலு மூட்டை! வெள்ளத்துக்கு முன்புகூட அவர்கள் கண்டதில்லை. இரண்டாவது மூட்டை பாதி அரைபடும்போது வாசலில் எட்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் கேமரா. நிறுத்தம்மா என்றார் அவர். அவள் நிறுத்தினாள்.

பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. அவர் இன்னும் முன்னுரையில் இருந்தார்.

"சார், இது விடுதி மாவு, பன்னெண்டுக்குள்ள குடுத்தாகணும். நீங்க பேசிட்டிருங்க, நான் ஓட்டிடறேன்" என்றாள் அவள்.

அவர் விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, என்ன சுறுசுறுப்பு. எல்லாம் இந்த மோட்டார் குடுத்த தைரியம்." அவ்வளவுதான், தொடர்ந்து பேசினார். பேசி முடித்து, அவள் பக்கம் குனிந்து, "அன்னிக்கு அழுதியேம்மா, அத ஒரே ஒரு தடவ..." என்றார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கட்டுப் பிரிக்காத இரண்டு மூட்டைகளைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண்கள் நிறைந்து, நீர் கன்னத்தில் இறங்கி, மாவில் கோடு கிழித்தது. கேமரா ஆசையோடு நெருங்கியது. அடடா, நிஜக் கண்ணீர் என்று ஒருவர் முணுமுணுத்தார். அது எதற்காக வந்த கண்ணீர் என்று அந்த எட்டு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நாத்தனார் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"அண்ணி, நீங்க பாட்டுக்கு அழுதுட்டிருங்க. நான் சுவிட்சப் போடறேன்."

போட்டாள்.

மில் உறுமியது. மாவு பொங்கிப் பறந்தது. விருந்தாளிகள் புருவம் நரைத்து, தும்மித் தும்மி, ஒவ்வொருவராகத் தெருவுக்கு இறங்கினார்கள். அவர் மட்டும் நின்று பேசிக்கொண்டே இருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது, ஒரு சொல்லும் வெளியே கேட்கவில்லை. மில்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த மூட்டையைத் தூக்கினாள். வண்டி வந்தபோது அரை மூட்டை பாக்கி. மில் ஓடுகிற வேகத்தைப் பார்த்த டிரைவர், இறங்கி வந்து கால் மணி நேரம் காத்திருந்து ஏற்றிக்கொண்டு போனார். இப்போது வாராவாரம் வருகிறார்.

நம்மவர் அந்தத் தெருப் பக்கம் வருவதில்லை. நன்றி கெட்ட ஜனங்கள், மோட்டார் கொடுத்தால் மூஞ்சியில் மாவை அடிக்கிறார்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்லி மாய்கிறார். ஆனாலும் வானம் கருக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு கனிவு படர்கிறதாம்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? வெள்ளத்தில் எல்லாம் போய், மறுபடி சின்னதாகக் கடை போட்ட உங்கள் சித்தி மகளுக்கு வீட்டிலிருந்த பழைய ஃபிரிட்ஜைத் தூக்கிக் கொடுத்தீர்களே, நல்ல மனசுதான். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் கால் வைக்கும்போதெல்லாம், அவளை எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால், நேரே போய் அதன் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கிறீர்கள்.

என்ன, தாகமா?