கடலில் விழாத சித்தப்பா

மார்த்தாண்டத்தில் ஞானக்கண் ஞானையனைப் பார்க்க டோக்கன் வேண்டும். பெயர், ஊர், அப்பன் பெயர் எல்லாம் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். முக்காலமும் தெரிந்தவருக்கு மூன்று நாள் எதற்கு என்று கேட்கத்தான் ஆள் இல்லை. கடற்கரை ஊர்களிலிருந்து வேன் வேனாக வந்து இறங்கினார்கள். செத்த தாத்தாவின் பட்டப்பெயரைச் சொன்னாராம், கவிழ்ந்த வள்ளத்தின் பெயரைச் சொன்னாராம். அடேங்கப்பா, என்ன ஞானம்!

வியாகுலம்மாளுக்கு மார்பில் கட்டி. உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார் டாக்டர். முன்னோர் கோபமா என்று ஞானையன் சொல்லட்டும், கத்தியைப் பிறகு பார்ப்போம் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். மகள் ஜெனிலா அழுதும் பார்த்தாள், சண்டையும் போட்டாள். அம்மா அசையவில்லை.

ஜெனிலாவுக்கு ஒரு சந்தேகம். அவர்கள் ஊர்க்காரர்கள், குவைத்தில் இருப்பவனும் கரையில் வலை பின்னுகிறவனுமாகச் சேர்ந்து, இணையத்தில் ஊர் வரலாறு எழுதிவந்தார்கள். குடும்பம், பட்டப்பெயர், வள்ளம், கடலில் போனவர்கள் எல்லாம் அதில் உண்டு. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஆனால் எதை எழுதினாலும் "ஆரு சொன்னா?" என்று அடியில் ஒருவன் கேட்பான்.

டோக்கன் வாங்கிய அன்றே ஜெனிலா அம்மாவின் குடும்பப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள்: தாத்தாவின் தம்பி சூசைமிக்கேல், 1961இல் கடலில் மூழ்கினார். ராத்திரிக்குள் மூன்று பேர் "ஆரு சொன்னா?" என்று பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் கத்தாரில் இருக்கும் ஊர்க்காரன் ரிஜோ அந்த வரியையே தூக்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஞானையன் கண்ணை மூடி உடம்பை உதறினார். "ஒனக்க சித்தப்பன் சூசைமிக்கேல் கடலுக்குள்ள கெடந்து தவிக்கான். அவனாக்கும் நெஞ்சில கட்டியா இருக்கது. கத்தி படப்பிடாது."

கூட்டம் கைகூப்பியது. வியாகுலம்மாள் மட்டும் கூப்பவில்லை.

"ஏலே, எனக்க அப்பன் ஒத்தப் பிள்ளையாக்கும். எந்தச் சித்தப்பன்லே?"

ஆவிகளுக்குள் ஏதோ குழப்பம் என்றார் ஞானையன். ஜெனிலா போனை எடுத்து, பக்கத்தின் பழைய திருத்தங்களில் இன்னும் கிடந்த, தான் எழுதிய வரியையும் அடியில் இருந்த மூன்று கேள்விகளையும் எல்லாருக்கும் காட்டினாள். ஊரே சந்தேகப்பட்ட வரியைக் கேள்வி கேட்காமல் நம்பியவர் ஞானக்கண்காரர் ஒருவர்தான். வேனில் வந்த அதே ஊர்க்காரர் ஒருவர் தன் போனைத் துழாவி, "இவரு சொன்ன வள்ளத்துக்க பேரு நான் எழுதிப் போட்டதாக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் வியாகுலம்மாள் டாக்டரிடமும் ஆரு சொன்னா என்றுதான் கேட்டாள். அவர் ஸ்கேனை விளக்கில் பிடித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டாள்.

ஊர்ப் பக்கத்தில் ஒரு வரி எழுத மூன்று பேர் சாட்சி கேட்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒருவன் சொன்னால் மட்டும் கைகூப்புகிறீர்கள். அய்யாமாரே, அந்த இரண்டு வார்த்தையை வேன் ஏறும்போதும் எடுத்துப் போங்கள். அதற்கு டோக்கன் தேவையில்லை.