பிச்சையா போட்டுப் பார்த்த கவசம்

தாராவி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

அன்பு மச்சான் இனாயத்துல்லா அவர்களுக்கு, மைத்துனன் ஜமால் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். கடையநல்லூரில் நீங்களும் என் தங்கச்சி அக்தர் பானுவும், உங்கள் முட்டுவலி நீங்கலாக, மற்ற எல்லாவற்றிலும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன்.

போனில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. மாசக் கடைசிக்குள் ஜுவைரியாவுக்கு வேலை நிரந்தரமாகாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடு, ஸ்கூலில் டிராயிங் டீச்சர் இடம் சொல்லிவைத்திருக்கிறேன் என்றீர்கள். "பேய்ப் படம் போடுறதும் ஒரு உத்தியோகமா, ஜமாலு?" என்றும் கேட்டீர்கள். பேய் இல்லை மச்சான். மொபைல் கேமில் சண்டை போடுகிற ராணி, சிறகு முளைத்த பல்லி, அதன் முதுகில் கிடக்கிற சேணம் வரைக்கும் முதலில் ஒருத்தர் வரைந்து கொடுத்தால்தான் மற்றவர்கள் அதை ஓடவிட முடியும். அந்த ஒருத்தர் உங்கள் மகள். ஆறு மாசம் டிரெயினியாக இருந்தவளை நிரந்தரமாக்க ஒரு பரீட்சை வைத்தார்கள். பெண் தளபதி ஒருத்தி, உடம்பு முழுக்கத் தோல் கவசம், முன்பக்கமும் பின்பக்கமும் வரைய வேண்டும்.

வரைந்ததை என்னிடம் காட்டினாள். நான் எட்டாவதுதான், ஆனாலும் தோல் விஷயத்தில் மாஹிமிலிருந்து பாண்டுப் வரை என்னைக் கேட்காமல் ஒருத்தனும் கத்தியை எடுக்கமாட்டான். "ஏ பிள்ள, இந்தப் பொம்பள இதுக்குள்ள எப்படிப் போனா? கொக்கியே இல்லையே" என்றேன். "மாமா, இது ஃபேன்டஸி" என்றாள். "ஃபேன்டஸின்னா மூச்சு விட வேண்டாமா?" என்றேன். அவள் கேட்கவில்லை. சரி, நிரூபித்துவிடுவோம் என்று பட்டறையில் எருமைத் தோலை வெட்டி, படத்தில் உள்ளபடியே, கொக்கி இல்லாமல் மூன்றே நாளில் அடித்து முடித்தேன். நம்ம கட்டிங் ஆள் பிச்சையாவை உள்ளே நிறுத்தி, முதுகில் கடைசி ரிவெட்டையும் அடித்த பிறகுதான், கழற்ற வழியில்லை என்பது தெரிந்தது. "பாய், அக்குள்ல கடிக்கி" என்றான். அறுத்தால் நிரூபணம் போய்விடும். அன்றைக்கு மூணு மணிக்குள் அவள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். ஆகவே அவனை அப்படியே மாஹிமில் ரயிலேற்றி அந்தேரியில் அவள் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். கம்பார்ட்மெண்டில் ஒரு ஆளும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தன் "அந்தர் சலோ பாய்" என்று உள்ளே தள்ளிவிட்டு, பிச்சையாவின் தோள்தகட்டில் தன் டிபன் பையை மாட்டினான். டிக்கெட் பரிசோதகர் மட்டும் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, பாஸைக் கேட்டார். பாஸ் சட்டைப் பையில், சட்டை கவசத்துக்குள். அபராதம் கட்டினோம்.

ஆபீஸ் வாசலில் ஜுவைரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "மாமா, ஒங்கள யாரு வரச் சொன்னா?" அதற்குள் பெரிய அதிகாரி வந்தனா மேடம் வந்து பிச்சையாவை ரெண்டு சுற்று சுற்றினார். கையைத் தூக்கச் சொன்னார், முடியவில்லை. உட்காரச் சொன்னார், அதுவும் முடியவில்லை. "பாய், நிக்க மட்டுந்தான் முடியும்னு அந்தம்மாட்டச் சொல்லுங்க" என்றான். டிசைன் யாருடையது என்று மேடம் கேட்டதும் எனக்கே கொஞ்சம் வேர்த்தது. ஜுவைரியா மறைக்கவில்லை. "என்னுது மேடம். மாமா அப்பவே சொன்னார், நான்தான் கேட்கல" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, பிச்சையாவை முன்னால் நிறுத்திவைத்து, விலாவில் பிளவு, அக்குளுக்குக் கீழே கொக்கி, இடுப்பில் மடிப்பு என்று ஒரு மணி நேரத்தில் முழுசையும் மாற்றி வரைந்தாள். நான் சொன்ன யோசனைகளை ஒன்பது பேர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகுதான் பிச்சையாவை அறுத்து எடுத்தோம்.

ஆகவே மச்சான், அவளை ஊருக்குக் கூப்பிடாதீர்கள். அந்தேரி ஆபீஸ், தாராவித் தோல், பக்கத்தில் நான், இந்த மூன்றும் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது. டீச்சர் இடத்தை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். தங்கச்சிக்கு என் ஸலாம். உங்கள் வீட்டில் பரக்கத் பெருகட்டும்.

இப்படிக்கு,
ஜமால்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஜுவைரியா ஓடி வந்தாள். வேலை நிரந்தரம்! இனி ஆபீசுக்கே வர வேண்டாம், எந்த ஊரில் இருந்தும் வரைந்து அனுப்பலாம் என்று மேடம் எழுதியிருக்கிறாராம். அந்த ஆபீசில் வேறு யாருக்கும் இல்லாத சலுகை. எல்லாம் நான் நேரில் போய்வந்ததன் பலன். நாளைக்கு ஊருக்கு ரயிலேறுகிறாள். மும்பையைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். அடுத்ததாக ஒரு கிழட்டுப் பூதம் வரைய வேண்டுமாம், பார்த்து வரைய ஒரு ஆள் அசையாமல் நிற்க வேண்டுமாம். "வாப்பா வீட்டுல சும்மாதான இருக்காங்க" என்கிறாள்.