கலக்கியது ஒரு குற்றமா?

அக்காளிடமிருந்து தப்பித்துத் தனிக்குடித்தனம் போன என் புத்திசாலி மச்சானுக்கு, உன் அத்தான் எழுதுவது. இங்கே என் மானத்தைத் தவிர எல்லாரும் சௌக்கியம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, இதை ஆய்வகத்துக் கழிவறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு மனுஷன் கோபப்பட இங்கே வேறு இடமில்லை.

நீ சிபாரிசு பண்ணி வாங்கித் தந்த பாட்டில் கழுவும் வேலைக்கு வேட்டு வைக்கப் பார்க்கிறார்கள். என்ன குற்றம் செய்தேன்? கலக்கினேன்! ஜன்னலோரம் ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே மேலே ஓர் அடுக்கு, கீழே ஓர் அடுக்கு, நடுவில் கோடு கிழித்தாற்போல். எண்ணெயா என்றால் இல்லை, இரண்டும் தண்ணீர்தான். மேலே பாலிமர் என்று ஏதோ வழவழப்புப் பொடி கரைத்ததாம், கீழே உப்பாம், இரண்டும் கெட்டியாக இருந்தால்தான் ஒட்டாமல் நிற்குமாம். யாரோ அரைகுறையாகக் கலக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள், பாவம் என்று மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கி வைத்தேன்.

ஆராய்ச்சிக்காரப் பெண் ஓடி வந்தாள். நம் வீட்டுப் பெண் வயசுதான்.

"ஐயோ அண்ணே, என்ன பண்ணீங்க?"

"கலக்கினேம்மா. நீ மறந்துட்ட."

"மறக்கல! புரதத்தைப் பிரிக்கத்தானே நிக்க வச்சேன்! வேண்டியது மேல ஏறும், வேண்டாதது கீழ தங்கும்."

"இதுக்கா இவ்வளவு பாடு? எங்க வீட்டுல பொண்டாட்டி மாடியில, அம்மா கீழே. நீ எவ்வளவுதான் கலக்கிவிடேன், காபி ஆறுறதுக்குள்ள பிரிஞ்சிடுவாங்க."

சிரிக்கவில்லை, மச்சான்! நேராக மேலாளரிடம் போய்விட்டாள். அவள் அந்தப் பக்கம் போகிறாள், இந்தப் பக்கம் குடுவை தானாகவே பிரிந்து, பழையபடி கோடு போட்டுக்கொண்டு நிற்கிறது! அப்புறம் நான் கெடுத்தது என்ன? கேட்க நாதியில்லை. நாளைக்கே புறப்பட்டு வந்து மேலாளரிடம் நியாயம் கேள். வேலை போனால் பகலெல்லாம் வீட்டில் அந்த இரண்டு அடுக்குக்கும் நடுவில் நான்தான் கோடு.

பிள்ளைகளுக்கு என் முத்தம். உனக்கு ஆயுசு கெட்டியாக இருக்கட்டும், எனக்காகச் சண்டை போட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: வராதே. மேலாளர் கூப்பிட்டார். நேற்றைவிட இன்று நன்றாகப் பிரிந்திருக்கிறதாம், "அண்ணன் குலுக்குனா பதமா இருக்கு"ன்னு அந்தப் பெண்ணே சொன்னாளாம். தங்கமான பெண். இனிமேல் குலுக்குவதும் என் பொறுப்பு. அடுத்த குடுவையை என்னிடமே கொடுத்துவிட்டாள். தண்ணீர் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. குழாயைத் திறந்து கழுத்துவரை நிரப்பிக் குலுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு காபி ஆறிவிட்டது. கோடு இன்னும் வரவில்லை.