காற்றில் ஓடிய கார்

உயிர் உள்ளவரை இனிப் பெற்றோல் வரிசையில் நிற்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை சபதம் எடுத்தேன். அதற்கு முந்திய இரண்டு நாளும் நுரைச்சோலை வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது பெற்றோல் முடிந்திருந்தது.

வெளிநாட்டில் அழுத்திய காற்றில் கார் ஓடுவதைக் கைப்பேசியில் பார்த்திருந்தேன். காற்றுக்கு வரிசை இல்லை. எங்கள் கரைத்தீவில் அது கேட்காமலே வீட்டுக்குள் வந்து சோற்றில் மணல் போட்டுவிட்டுப் போகிறது.

"றைஸா, நம்மட கார இனிக் காத்துல ஓட்டப் போறன்."

என் மனைவி தையல் மெசினை விட்டு நிமிரவில்லை.

"முப்பத்தஞ்சு வருசமா நீங்க வாயால ஓட்டுறதும் காத்துலதானே."

"பகிடி இல்ல, புள்ள."

"எனக்கும் பகிடி இல்ல. ஓடாத காருக்குக் கராஜ். ஆறு பிள்ளையளுக்குத் தையல் பழக்குற எனக்குக் குசினி அடுப்படி. பழைய இரும்பு எடுக்கிற முபாரிஸ வரச் சொல்லியிருக்கன்."

தொண்ணூறில் ஊரைவிட்டு விரட்டப்பட்டபோது மன்னாரில் விட்டுவந்த சைக்கிளுக்குப் பிறகு எனக்கென்று இருந்த ஒரே வாகனம் அந்தக் கார். பழசுதான். நானும் பழசுதான்.

பேரம் பேசினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கார் காற்றில் சந்திவரை போய்த் திரும்பவேண்டும். திரும்பினால் கார் தங்கும். இல்லாவிட்டால் முபாரிஸின் லொறியில் ஏறும்.

கடலட்டை பிடிக்க முங்குகிற அக்ரமிடம் இரண்டு காற்றுச் சிலிண்டர் இரவல் வாங்கினேன். மூன்று நாள் காரின் கீழே கிடந்தேன். வியாழன் மாலை குழாயை என்ஜினில் பொருத்தி வால்வைத் திறந்தேன். என்ஜின் ஒருமுறை பெருமூச்சு விட்டது. குழாய் பிய்த்துக்கொண்டு பாம்பாக எழுந்து, கொடியில் காய்ந்த றைஸாவின் அபாயாவைப் பக்கத்து வீட்டுக் கூரையில் போட்டது.

"கார் ஓடல்லியா?"

"இல்ல."

"என்ட அபாயாவாவது போய்ச் சேர்ந்திச்சே."

மனிதன் நேர்மையை மெதுவாகத்தான் இழக்கிறான் என்பார்கள். எனக்கு அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. அக்ரமிடமே கெஞ்சி, படகுக்கு வைத்திருந்ததில் மூன்று போத்தல் பெற்றோல் வாங்கி, யாரும் பாராமல் டாங்கியில் ஊற்றினேன். சிலிண்டரைப் பின் சீற்றில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன். அதன் குழாய் எங்கும் போகவில்லை. சீறினால் போதும்.

ஜும்ஆ முடிந்தது. ஊர் கூடியது. வால்வைத் திறந்தேன், சாவியைத் திருப்பினேன். கார் இருமிக்கொண்டு கிளம்பியது. சந்திவரை போனேன். வந்தேன்.

பக்கத்து வீட்டு லெய்லா மாமி மூக்கைச் சுளித்தார்.

"என்ன இஸ்ஸதீன், பொகை வருது?"

"சூடாகின காத்து, மாமி."

"பெற்றோல் மணக்குதே?"

"காருக்குப் பழைய ஞாபகம், மாமி."

றைஸா சிரிக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இப்பதான் பள்ளிக்குப் போய் வந்த மனுசன். பொய் சொல்ல மாட்டார். காத்துலதானே ஓடின?"

"ஓம்," என்றேன்.

"மாஷா அல்லாஹ்! நான் தோத்துட்டன். கார் நம்மளோடயே நிக்கட்டும்." பிறகு, லொறியோடு வந்து நின்ற முபாரிஸின் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்க வெறுங்கையோட போக வேணாம். அந்தப் பெற்றோல் டாங்கியக் கழத்திக்கிட்டுப் போங்க."

"றைஸா!"

"காத்துல ஓடுற காருக்கு டாங்கி என்னத்துக்கு?"

வாயைத் திறந்தால் உண்மை வெளியே வரும். முழுக் காரும் போகும். மூடினால் டாங்கி மட்டும் போகும். மூடினேன்.

"சைலன்சரும் வேணாமா, ராத்தா?" என்றான் முபாரிஸ்.

"காத்துக்கு எதுக்குச் சைலன்சர்? காபரேட்டரையும் எடுங்க."

"டாங்கிக்குள்ள என்னவோ ஆடுது, ராத்தா."

"காத்துதான் தம்பி. ஆடத்தான் செய்யும்."

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னபோது லொறி போய்விட்டிருந்தது. மிஞ்சியதைத் தடவிக்கொண்டு நின்றேன். றைஸா தன் ஆறு தையல் பிள்ளைகளோடு வந்தாள்.

"இது ஏன் கராஜுக்குள்ள மூச்சு முட்டிக் கிடக்கோணும்? வேப்ப மரத்தடியில நல்லாக் காத்து வரும். ஏறி ஸ்டியரிங்கப் பிடிங்க. நாங்க தள்றம்."

ஏறினேன். பிடித்தேன். தள்ளினார்கள்.

அன்றுதான் என் கார் முதன்முறையாகப் பெற்றோல் இல்லாமல் ஓடியது.