பரீட்சைக்குப் போட்ட மொட்டை

நம்மவர்களில் ஓர் ஆண்பிள்ளை தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, சாமிக்கு வேண்டுதல். மற்றது, அப்பா போய்விட்டார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு முதல் காரணம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. (என்னைப் படித்தவன் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.)

எண்பதுகளின் நடுவில் கிள்ளான் நகரத்தில் ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் கணக்கியல் படித்தேன். பத்தாங் பெர்ஜுந்தை ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரம் சீவி என்னைப் படிக்க வைத்தார்கள். இறுதிப் பரீட்சை நெருங்கிய நேரம் பார்த்துக் காலரா வந்து சேர்ந்தது. கடைகளில் ஐஸ் தண்ணீர் கிடையாது என்றார்கள். எங்கள் விடுதிக்கு எதிர் வரிசையில் ஒருவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பயத்தை ஆளுக்கொரு விதமாகச் சமாளித்தோம். என் அறைத் தோழன் குணா தண்ணீரைக் கொதிக்க வைப்பான், ஆற வைப்பான், பிறகு சந்தேகப்பட்டு மறுபடியும் கொதிக்க வைப்பான். கடைசியில் குடிக்க ஒன்றும் மிஞ்சாது. பக்கத்து அறைக்காரன் சோற்றை விட்டுவிட்டு பிஸ்கட்டில் உயிர் வாழ்ந்தான். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். வயிறு கடமுடா என்றால் காலரா. சும்மா இருந்தால் காலராவின் ஆரம்பம். இந்த நிலையில் பேரேட்டின் இரு பக்கமும் எங்கே சமமாகும்?

குணாதான் வழி சொன்னான்.

"மச்சான், எக்ஸாம் மட்டும் தள்ளிப் போச்சின்னா நாம பொழைச்சோம்லா. ஆத்தாகிட்ட கேட்டுப் பாப்போம்."

"கேட்டா சும்மா குடுக்குமா? நாம என்னா குடுக்கிறது?"

"முடிதான். அதானே நம்மகிட்ட நெறைய இருக்கு."

மாரியம்மன் கோயிலில் கண்ணை மூடி வேண்டிக்கொண்டோம். அந்த வாரம் முடிவதற்குள் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று அறிவித்துவிட்டார்கள். அம்மன் அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, நான் கேட்ட எதையும் இத்தனை வேகமாகக் கொடுத்ததில்லை.

காது மறைய வளர்த்த முடியைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். அடுத்து உட்கார வேண்டிய குணா, "நான் மனசுக்குள்ள தேங்காய்னுதான் வேண்டிக்கிட்டேன் மச்சான்" என்றான். தேங்காயை உடைத்தான், தலையைச் சீவிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டான்.

எனக்கு வேண்டுதல் மொட்டைதான் என்பதற்குச் சாட்சியாகத் தலை நிறையச் சந்தனம் பூசியிருந்தது. ஆனால் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வியர்வையில் சந்தனம் காது வழியாக ஒழுகிக்கொண்டிருந்ததாம். ரோஷம் வந்து, கைக்குட்டையால் மண்டையைப் பளபளவென்று துடைத்துவிட்டேன்.

காலரா எனக்கு முன்பே எங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தது. அப்பாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தனி வார்டில் வைத்திருந்தார்கள். பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து ஜனங்கள் வெளியே போகவும் தடை. "பரீட்சை நேரம், புள்ளைக்குச் சொல்லாதீங்க" என்று அம்மா எல்லார் வாயையும் அடைத்திருந்தாள். எந்தச் செய்தியும் வராமல், தோட்டத்துப் பாதையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அந்தப் பாதையில்தான் நான் மொட்டைத் தலையோடு வந்தேன்.

தோட்டத்து வாசலில் கயிறு கட்டி, காவல்கார ஜாகா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். ஒன்றும் கேட்காமல் கயிற்றைத் தூக்கிவிட்டார். படிப்புக்குத்தான் எத்தனை மரியாதை என்று பூரித்துப் போனேன். (இதை எழுதும்போதும் என்னை நானே ஓர் அறை அறையலாம் போல இருக்கிறது.) குழாயடியில் பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

அம்மா லயத்து வாசலில் நின்றாள். என் தலையைப் பார்த்தாள். அடுத்த கணம் அலறினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலே எடுத்துட்டீங்களாடா! மொகத்தக்கூட காட்டலையேடா!"

பொட்டை அழித்தாள். இரண்டு கைகளையும் வாசல் கம்பத்தில் மோதினாள். கண்ணாடி வளையல்கள் நொறுங்கின. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, "அப்பாவ இப்புடி அள்ளிக் குடுத்துட்டியே தம்பி!" என்று ஒப்பாரியைத் தொடங்கினார்.

அப்பா செத்துப் போனார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானும் மண்ணில் விழுந்து புரண்டு அழுதேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னை வரவழைத்துக் காரியத்தை முடித்துவிட்டதாக, என் தலையைப் பார்த்து அவர்கள் நம்பினார்கள். அவர்கள் அழுகையைக் கேட்டு நான் நம்பினேன். நான் அழுத அழுகையில், சந்தேகத்தோடு நின்ற ஒன்றிரண்டு பேரும் அழத் தொடங்கினார்கள்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மட்டும் சாங்கியச் சடங்குக்கு விவரம் கேட்க ஆபீசுக்குப் போனார். அங்கே கணக்கெழுதும் கிராணி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, அவரே லயத்துக்கு ஓடிவந்தார்.

"யோவ், நிப்பாட்டுங்கய்யா! அந்த ஆளு உக்காந்து கஞ்சி குடிக்கிறாராம். பத்தலைன்னு இன்னும் கேக்கிறாராம்லா!"

அழுகை நின்றது. எல்லாருடைய கண்களும் என் மண்டையில் வந்து நின்றன. அம்மாவின் மணிக்கட்டில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப எதுக்குடா மொட்ட?"

"பரீட்சை... தள்ளிப் போகணும்னு வேண்டிக்கிட்டேம்மா."

அம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். குனிந்து வளையல் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். உதவிக்குப் போன என் கையைத் தட்டிவிட்டாள். எனக்கு உயிர் இருந்தும் இல்லாத மாதிரி ஆனது.

பிறகு அப்பா பாதி ஆளாக வீடு திரும்பினார். கதை முழுவதையும் கேட்டார். அம்மாவின் வெறுங்கையைப் பார்த்தார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பரீட்சைக்கு முழுத் தலையையும் குடுத்துட்ட. அப்பனுக்குன்னு ஒத்த முடியாச்சும் விட்டு வச்சியாடா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பரீட்சையிலும் நான் தேறவில்லை. தேங்காய் உடைத்த குணா தேறிவிட்டான்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யார் மொட்டை போட்டாலும், கத்தி வைப்பதற்கு முன்னால் அம்மாவுக்குப் போன் போட வேண்டும் என்பது சட்டம். "இது வேண்டுதல் மொட்டைதான், எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் சிரிப்பார்கள். அம்மா சிரிப்பதில்லை. கண்ணாடி வளையலும் அவள் அதற்குப் பிறகு போட்டதில்லை. போனை வைத்துவிட்டு, உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் அப்பாவின் மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பாள்.

அப்பா கண்ணைத் திறக்காமலே சொல்வார்: "இருக்கேன் புள்ள. போயி வேலையப் பாரு."