குட்டிக்கரட்டுத் தகரம்

எந்த வரைபடத்திலும் அகப்படாத செம்மாபுரி நாட்டில், ஆடு ஒரே மூச்சில் ஏறிவிடக்கூடிய குன்று ஒன்று இருந்தது. அதற்குக் குட்டிக்கரடு என்று பெயர். கீழே ஏரி, ஏரிக்கரையை ஒட்டி மடையூர். அக்கம்பக்கத்தில் பார்க்க ஒரு சுனையும், படுத்த காளை போன்ற பாறையும் உண்டு. அதில் காளையைக் காண்பதற்குக் கொஞ்சம் நல்ல மனசு வேண்டும்.

மழைக்காலத்தில் மடையூர்க்காரர்கள் முறைவைத்துக் கரட்டில் உட்கார்ந்து ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரை கசிந்தால் அங்கே தொங்கும் தகரத்தைக் கொட்ட வேண்டும். சத்தம் கேட்டால் மணமேடையில் இருக்கும் மாப்பிள்ளையும் மண்வெட்டியோடு ஓடிவர வேண்டும். கரைக்குக் கீழே முதல் வீடு சீனித்தாயுடையது. அதனால் தன் முறை இல்லாத நாளிலும் அவள் கரட்டுக்குப் போய்விடுவாள். ஊர் கேலி செய்யும், அவள் கண்டுகொள்ளமாட்டாள்.

ஒரு மாலை மன்னர் கரட்டில் ஏறி, கீழே பார்த்து, "ஆகா" என்றார்.

அந்த ஒரு சொல்லை அமைச்சரவை பல மாதம் ஆராய்ந்தது. முடிவில் காட்சித்துறை பிறந்தது. மன்னரின் மைத்துனர் மகிழ்மாறர் ஆணையராக வந்தார். நல்ல மனிதர்தான், ஏரிக்கும் கண்ணாடிக்கும் மட்டும் வித்தியாசம் தெரியாது.

ஏரி எப்போதும் நிரம்பித் தெரிய வேண்டும் என்று மதகை மூடினார்கள். வயல் காய்ந்தது. கரையில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகள் கண்ணை உறுத்துகின்றன என்று அவற்றை அகற்றிப் பூச்செடி வைத்தார்கள். ஊர் முறையிடப் போனது.

"கீழே இருப்பவர்களுக்கு அவரவர் வீடுதான் தெரியும். மேலே இருப்பவர்களுக்கு நாடே தெரியும்," என்றார் ஆணையர். "ஆகவே கரட்டுக்காவலுக்கு இனி தேர்தல். மடையூரில் வீடு உள்ளவர்கள் மட்டும் போட்டியிடக் கூடாது. பாரபட்சம் வந்துவிடும்."

மடையூர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது. போட்டியிட்டவர் ஆணையர் ஒருவரே. வென்றதும் வெயில் படாமலிருக்க நாற்காலியை ஏரிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பிறகு வந்ததுதான் பெரிய ஆணை. தகரம் சும்மா தொங்குவது வீண் என்பதால், விருந்தினர் வரும்போதெல்லாம் அது கொட்டப்படும். உடனே ஊரார் நல்ல துணி உடுத்தி, கரைமேல் வரிசையாக நின்று, கரட்டைப் பார்த்துக் கையசைக்க வேண்டும். வராத வீட்டுக்கு, வயல் காய்ந்ததற்காக அரசு அளக்கும் அரிசி கிடையாது. மண்வெட்டி கொண்டுவந்தால் அபராதம். முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

கரட்டில் ஏற சீனித்தாய்க்கு இப்போது ஒரே வழி, விருந்தினருக்குக் கடலை அவித்து விற்பது. விற்றாள். கண் மட்டும் கரையிலேயே கிடந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் பூரணி, பச்சைப்பிள்ளையோடு அந்த முதல் வீட்டில் இருந்தாள்.

ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், பூச்செடிகளுக்கு நடுவே நீர் கோடாக இறங்குவதைச் சீனித்தாய் பார்த்தாள். கடலைக் கூடை எங்கே விழுந்ததென்றே தெரியவில்லை.

"ஐயா! கரை கசியுதுய்யா! கீழ எம் மவ பச்ச ஒடம்புக்காரி கெடக்கா!"

"காவலராகிய நான் எதையும் பார்க்கவில்லையே," என்றார் மகிழ்மாறர், திரும்பாமல்.

அவள் தகரத்தைக் கொட்டினாள். கை தோலுரியக் கொட்டினாள்.

ஊர் வந்தது. பிள்ளைகள் பட்டுப்பாவாடையில், கிழவர்கள் தலைவாரி, கரைமேல் வரிசையாக நின்று கையசைத்தார்கள். ஒருவரிடமும் மண்வெட்டி இல்லை. அரிசி போய்விடுமே என்று பூரணியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அடப் பாவிகளா, மம்பட்டிய எடுங்க! கரை போவுது!" என்று சீனித்தாய் இரண்டு கையையும் வீசிக் கதறினாள். கீழே இன்னும் உற்சாகமாகக் கையசைத்தார்கள்.

பூச்செடி இருந்ததால் ஆள் நிற்காத இடத்தில் கரை உடைந்தது. வீடு, ஆடு, விதைநெல் எல்லாம் போயின. கரைமேல் நின்ற உயிர்கள் தப்பின. சீனித்தாய் விழுந்தடித்து இறங்கி, மகளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

கையசைப்புச் சட்டமே மக்களைக் காத்தது என்று ஆணையர் அறிக்கை விட்டார். உடைப்புக்கு 'மன்னர் அருவி' என்று பெயரிட்டார்கள். சுனைக்கும் காளைப்பாறைக்கும் அடுத்து பார்க்க வேண்டிய இடம் அதுதான். மறைக்க வீடுகள் இல்லாததால் காட்சியும் விசாலமாகிவிட்டது.

அருவியைப் பார்க்க மன்னர் வருவதாக அறிவிப்பு வந்தது. சீனித்தாய் நன்றாகக் கொட்டுகிறாள் என்று அவளையே தகரத்துக்கு நியமித்தார்கள். முந்தின நாள் அவள், வீடிழந்தவர்கள் மேட்டில் போட்டிருந்த குடிசைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் ஒன்றே ஒன்று கேட்டாள்: "தகரம் எதுக்குன்னு ஞாபகம் இருக்கா?"

மன்னர் வந்தார். அவள் கொட்டினாள்.

ஊர் வந்தது. உடுத்த நல்ல துணி இல்லை. உடைந்த கரையில் நிற்கவுமில்லை. நேரே கரட்டை நோக்கி நடந்தது.

"கையில் என்ன தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்?" என்று கேட்டார் மன்னர்.

"வாழ்த்துகிறார்கள் மன்னா," என்றார் மகிழ்மாறர், நாற்காலியை இன்னும் திருப்பாமல்.

கரடு சின்னதுதான். ஆடுகூட ஒரே மூச்சில் ஏறிவிடும்.