எந்த எஞ்சினும் சரிவராது

கரவன் வண்டியின் பின்பக்கம் பக்கத்து வீட்டு வாசலை ஒரு முழம் மறித்துக்கொண்டு நின்றது. அந்த வீட்டுக் கிழவி டொறீன் விடிந்ததும் விடியாததுமாக வந்து கதவைத் தட்டி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

"இஞ்சாருங்கோ, இந்த ஞாயிறாவது ஒரு பிக்கப்பை வாங்கி இதை இழுத்துக்கொண்டு போவமோ?" என்று தவநாயகி கேட்டாள்.

கல்யாணசுந்தரம் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "அதுக்கு எஞ்சின் சரியா அமையோணுமெல்லோ," என்றார்.

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் தவநாயகியோடு வேலை பார்த்த மலேசியாக்காரி செல்வமணி, பினாங்குக்கே திரும்பிப் போகும்போது, "நீங்களாச்சும் ஊரைச் சுத்திப் பாருங்கக்கா," என்று சும்மா கொடுத்துவிட்டுப் போன சக்கர வீடுதான் அந்தக் கரவன். உள்ளே இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, ஆள் திரும்ப முடியாத ஒரு குளியலறை. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து தாங்கள் குடியிருந்த எட்மண்டன் பகுதியை விட்டு வெளியே அவள் போனதெல்லாம் கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும்தான். ஸ்கொட்லாந்தில் ஓர் ஏரிக்கரையில் இதை நிறுத்தி, காலையில் கதவைத் திறந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

இழுக்கிற வாகனத்தைத் தெரிவு செய்யக் கணவரை விட்டால் ஆளில்லை. மரக்கறி மொத்தக் கடையின் வான் வண்டியில் சவுத்தாலுக்கும் அப்டன் பார்க்குக்கும் தக்காளி ஏற்றியே தலை நரைத்தவர். முன்பெல்லாம் அந்த வானை வீட்டு வாசலில்தான் விடுவார். இப்போது முதலாளி விடுகிறாரில்லையாம். பஸ்ஸில் போய் வந்தார்.

முதலில் அகப்பட்டது இரண்டு லீற்றர் டீசல் பிக்கப். விற்க வந்தவனையே அதை ஓட்டச் சொல்லிவிட்டு, கல்யாணசுந்தரம் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து, கச்சேரி கேட்பதுபோல எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

"பலம் காணாது. ஏத்தத்தில மூச்சு வாங்கும்."

"அப்ப கரவன்ர பாரத்தைக் குறைச்சால்?"

"குறைச்சால் பாப்பம்."

தவநாயகி அன்றைக்கே கரவனுக்குள் ஏறி அடுப்பைக் கழற்றினாள். மேசையைக் கழற்றினாள். மெத்தை இரண்டையும் இழுத்து வந்து விறாந்தையில் போட்டாள். இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"ஐயோ, முன்பாரத்தையெல்லோ எடுத்துப்போட்டீர்!" என்றார் அவர். "பின்பக்கம் கனத்தால் ஓட்டத்தில வாலை ஆட்டும். பிக்கப்பையும் சேர்த்துப் பிரட்டிப்போடும்."

முன்பாரத்துக்காக அவள் இரண்டு மூட்டை அரிசியைக் கொண்டுபோய்க் கரவனின் மூக்குப் பக்கம் வைத்தாள். அரிசிக்கு எலி வந்தது. எலிக்கு டொறீன் வந்தாள். டொறீனுக்குப் பின்னால் கவுன்சில்காரன் வந்தான். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் தாங்களே இழுத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

"அவங்களுக்கு மட்டும் எஞ்சின் இருக்குதாம்," என்று தவநாயகி புறுபுறுத்தாள்.

அடுத்ததாக அவள் கண்டுபிடித்தது மூன்று லீற்றர், ஆறு சிலிண்டர். விளம்பரத்தை அவரிடம் நீட்டினாள்.

"நீர் வாசியும், நான் கேக்கிறன்."

வாசித்தாள். கேட்டுவிட்டு, "பழைய டீசல். லண்டன் றோட்டில இறங்கினாலே ஒவ்வொரு நாளும் புகைக்குக் காசு கட்டோணும்," என்றார்.

பெற்றோலில் ஒன்று பார்த்தாள். "ஸ்கொட்லாந்து போறதுக்குள்ள குடிச்சே எங்களை அழிச்சுப்போடும்." மின்சாரத்தில் ஒன்று பார்த்தாள். "கரவனைக் கொழுவினால் பாதி வழியில படுத்திடும்." எல்லாம் நியாயமான குறைகள்தான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது.

"உங்களுக்கு என்னோட வர விருப்பமில்லை. அதைச் சொல்லிப்போட்டு இருங்கோவன்!"

"அப்பிடியில்லை, நாயகி."

"வேறை எப்பிடி?"

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மாடிக்குப் போனார். வயதாகிக் கிழண்டிப்போனார் என்று நினைத்தாள். தானும் கிழண்டிப்போனதும், ஏரி அங்கேயேதான் கிடப்பதும் நினைவுக்கு வந்தது. விறாந்தையில் கிடந்த மெத்தைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு அவரைக் கேட்கவேயில்லை. மூன்று லீற்றர், புது டீசல், புகைக் காசு இல்லாதது. வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த காசைக் கொடுத்து வாங்கினாள். வியாழக்கிழமை பின்னேரம் கடைக்காரனே கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

கல்யாணசுந்தரம் வெளியே வந்தார். எஞ்சின் மூடியான போனற்றின்மேல் உள்ளங்கையை வைத்தார். காதைக் கிட்டக் கொண்டுபோனார். வெகு நேரம் கேட்டார்.

"எப்பிடி?" என்றாள் தவநாயகி.

"நல்ல எஞ்சின்," என்றார், யாரோ செத்த செய்தியைச் சொல்வதுபோல. "ஒரு குறையுமில்லை."

"அப்ப நாளைக்கு வெளிக்கிடுவம்."

"ஓம்," என்றார். இரவு சாப்பிடவில்லை. காலையில் அவள் எழும்புமுன்னரே வேலைக்குப் போய்விட்டார். பிக்கப்பின் திறப்பு, சாவிக்கொத்தோடு, மேசையில் வைத்தபடியே கிடந்தது.

கவுன்சில்காரன் வரும் நாள். வேறு வழியில்லாமல் தவநாயகி அவருடைய கடைக்கே போன் அடித்து உதவிக்கு ஆள் கேட்டாள். அவரோடு வேலை செய்யும் துஷாந்தன் வானை ஓரமாக விட்டுவிட்டு வந்து, பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்து, கரவனைக் கொழுவி, டொறீனின் வாசலை விட்டு அரக்கி நகர்த்தினான். ஒரு சிகரெட் குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. டொறீன் ஜன்னலுக்குள் நின்று கைதட்டினாள்.

அதைப் பார்த்ததும் தவநாயகிக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்துவிட்டது.

"பாத்தியோ தம்பி? உனக்கு இழுக்கிற எஞ்சின் அவருக்கு இழுக்காதாம்! காலம் முழுக்க வான் ஓடின மனுசன், இதில ஒருக்கா ஏறிக்கூட இருக்கேல்லை. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒவ்வொரு நொட்டை. என்னோட நாலு நாள் தனிய இருக்கப் பயம் அவருக்கு. இண்டைக்கு வரட்டும், திறப்பைக் கையில குடுத்து ஏத்தாமல் விடமாட்டன்!"

துஷாந்தன் திறப்பை அவள் கையில் வைத்தான். உடனே கையை எடுக்கவில்லை.

"அண்ணை உங்களுக்கு இன்னும் சொல்லேல்லையே, அக்கா? கண் தெரியுதில்லை எண்டு தை மாசமே அவற்ர லைசன்ஸை எடுத்துப்போட்டாங்கள். இப்ப அவர் கடைக்குப் பின்னால இருந்து, தடவித் தடவி அழுகின வெங்காயம் பிரிக்கிறார்."